நரி வேட்டைக்கு லைட் பிடிக்கப் போகிறவருக்கு: கூரை லைட்டா, கை லைட்டா?

கேள்வி நீளமாக இருந்ததால் நான் புரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜூன் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் டப்போ பக்கம் உங்கள் மச்சானின் நண்பர் வைத்திருக்கும் ஆட்டுப் பண்ணைக்குப் போகிறீர்கள். குட்டி போடும் பருவம் என்பதால் இரவில் நரி சுடுகிறார்கள், சுடுவது அவர்கள், லைட் பிடிப்பது நீங்கள். "நல்ல லைட்டா ஒண்ணு வாங்கிட்டு வா" என்று மச்சான் சொல்லியிருக்கிறார். வண்டிக் கூரையில் பொருத்துவது வாங்குவதா, கையில் பிடிப்பது வாங்குவதா, இணையத்தில் 39 வெள்ளிக்கு "ஒரு கோடி கேண்டில்பவர்" என்று விற்பதை நம்பலாமா, விமானத்தில் கொண்டுபோக விடுவார்களா. எல்லாவற்றுக்கும் அடியில் நீங்கள் கேட்பது எவ்வளவு தூரம் அடிக்கும் என்பதைத்தான். அதைவிட முக்கியமானது, எவ்வளவு தூரத்தில் நிற்பது நரியா, நாயா, ஆட்டுக்குட்டியா என்று பிரித்துப் பார்க்க முடியும் என்பது. இரண்டும் ஒன்றல்ல, பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நான் வேட்டைக்காரன் இல்லை, துப்பாக்கியைக் கையால் தொட்டதும் இல்லை. துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் 22 வருடம் எலெக்ட்ரிஷன் வேலை, அதில் பாதி நாள் தேடுவிளக்குகளோடுதான் கழிந்தது. பழைய நண்பர் ஒருவர் நியூ சவுத் வேல்ஸில் ஆடு வளர்க்கிறார், ஐந்து குளிர்காலம் அவரிடம் போய் உங்களைப் போலவே லைட் பிடித்திருக்கிறேன். அதனால் விளக்கு, வயர், பேட்டரி பற்றி உறுதியாகச் சொல்வேன், மிருகங்களின் குணம் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக் கேளுங்கள், துப்பாக்கி ஸ்கோப்பில் மாட்டும் லைட் பற்றி என்னிடம் கேட்கவே வேண்டாம்.

உறுதியான விஷயம் முதலில். பெட்டியில் லூமென் என்று போடுவது விளக்கிலிருந்து எல்லாப் பக்கமும் வெளிவரும் மொத்த வெளிச்சம். புளோக்கின் கீழ்த்தளமான வாய்ட் டெக்கில் எரியும் நாலடி டியூப் லைட்டும் 2,000 லூமெனுக்கு மேல் தருகிறது, அதை வைத்து எதிர் புளோக்கில் துணி காய்வதைக்கூடப் பார்க்க முடியாது. தூரத்துக்குப் பார்க்க வேண்டியது கேண்டெலா, அதாவது ஒரே திசையில் குவிந்து போகும் செறிவு. ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற அளவுமுறையில் போடும் "பீம் தூரம்" என்பது வெளிச்சம் 0.25 லக்ஸாக (லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) குறைந்துபோகும் இடம், ஏறக்குறைய முழுநிலா வெளிச்சம். கேண்டெலாவுக்கு வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்கினால் அந்தத் தூரம் மீட்டரில் வந்துவிடும். 250,000 கேண்டெலா என்றால் 1,000 மீட்டர். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நிலா வெளிச்சத்தில் நிற்கும் நரியை யாரால் அடையாளம் காண முடியும்? அதே லைட் 300 மீட்டரில் 3 லக்ஸுக்குக் கொஞ்சம் குறைவாகத் தரும், 150 மீட்டரில் 11 லக்ஸ், அதாவது தெருவிளக்குக்குக் கீழே நிற்கிற மாதிரி. பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கையே நான் நம்புவேன், அதுவும் பைனாகுலர் கையில் இருந்தால்.

இப்போது அந்த ஒரு கோடி. ஒரு கேண்டில்பவர் கிட்டத்தட்ட ஒரு கேண்டெலாதான், ஆகவே கணக்குப்படி 6 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். உட்லண்ட்ஸ் பாலமே ஒரு கிலோமீட்டரைச் சற்றுத்தான் தாண்டும், இங்கிருந்து அடித்தால் ஜொகூர் பாருவையே தாண்டிப் போகிற கணக்கு. 39 வெள்ளிக்கு அது வராது. இன்னொரு தந்திரமும் உண்டு. எஃப்எல்1 முறையில் வெளிச்சத்தை அளப்பது லைட்டைப் போட்ட 30 வினாடிக்கு அப்புறம், 2 நிமிடத்துக்குள். எரியும் நேரம் என்று போடுவதோ, வெளிச்சம் பத்தில் ஒரு பங்காக இறங்கும் வரை. நடுவில் நாலைந்து நிமிடத்தில் சூடு ஏறி லைட் தானாகவே பாதிக்கு இறங்கினாலும் பெட்டியில் இருப்பது பொய்யாகாது. அதனால் உச்ச எண்ணைப் பார்க்காதீர்கள், அரை மணி நேரம் கழித்து எவ்வளவு நிற்கிறது என்று யாராவது அளந்து வரைபடம் போட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள்.

தூரம் கிடைப்பதற்கு இரண்டே வழி: வெளிச்சம் பிறக்கும் புள்ளி சின்னதாகவும் பிரகாசமாகவும் இருக்க வேண்டும், ரிஃப்ளெக்டரின் முகம் பெரிதாக இருக்க வேண்டும். அங்கே பண்ணைகளில் அடிலெய்ட் கம்பெனியான லைட்ஃபோர்ஸின் 170, 240 மில்லிமீட்டர் வட்ட விளக்குகளைப் பார்ப்பீர்கள், சோற்றுத் தட்டு அளவுக்கு இருக்கும், 100 வாட் ஹாலஜன் பல்பை வைத்துக்கொண்டே நல்ல தூரம் போனதற்கு அந்த அகலம்தான் காரணம். பாக்கெட்டில் போகிற லைட்டால் அதைச் செய்ய வேண்டுமானால் லேசர் வைத்து பாஸ்பர் என்ற ஒளிரும் பொருளை ஒளிரவைக்கும் எல்இபி வகைக்குப் போக வேண்டும். அது தூரம் போகும், மறுக்கவில்லை, ஆனால் கற்றை ஊசி மாதிரி. கற்றை 2 டிகிரி என்றால் 150 மீட்டரில் 5 மீட்டர் அகல வட்டம்தான் விழும், நடந்துபோகிற நரி இரண்டு எட்டில் வட்டத்தை விட்டு வெளியே போய்விடும், பிறகு இருட்டில் துழாவ வேண்டியதுதான். 6 டிகிரி என்றால் 16 மீட்டர் வட்டம், கை கொஞ்சம் ஆடினாலும் தாங்கும். தேடுவதற்கு அகலம் வேண்டும், உறுதி செய்ய ஆழம் வேண்டும். ஒரே லைட் இரண்டையும் ஓரளவுக்குத்தான் செய்யும்.

கப்பலில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. இரவில் சூயஸ் கால்வாயைக் கடக்கும் கப்பலின் மூக்கில் தனியாக ஒரு தேடுவிளக்கு இருக்க வேண்டும், 1,800 மீட்டர் முன்னால் காட்ட வேண்டும் என்பது கால்வாய் விதி. அதோடு கற்றையை இரண்டாகப் பிரித்து நடுவில் இருட்டை விடவும் முடிய வேண்டும், எதிரே வருகிற கப்பலின் பைலட்டுக்குக் கண் கூசக் கூடாது என்பதற்காக. அதைப் பழுதுபார்க்கும்போது எங்கள் ஃபோர்மேன் சொல்வார், "வெளிச்சம் போடுறது சுலபம்டா, வேண்டாத இடத்துல போடாம இருக்கிறதுதான் வேலை." பண்ணையில் முதல் இரவே அது எனக்கு ஞாபகம் வந்தது. கூரை லைட்டை ஒருவர் கண்ணாடிக்குப் பின்னால் தள்ளிப் பொருத்தியிருந்தார், பாதி வெளிச்சம் வெள்ளை நிற பானெட்டில் பட்டுத் திரும்பி வந்து எங்கள் கண்ணிலேயே அடித்தது. இருட்டுக்குக் கண் பழக 20, 30 நிமிடம் ஆகும், கெட்டுப்போக ஒரு வினாடி போதும். கூரையின் முன் விளிம்புக்கு விளக்கை நகர்த்தி, பானெட்டில் ஒரு கறுப்புத் துணியைப் போட்டதும் அதே விளக்கு இருமடங்கு நல்ல விளக்காகத் தெரிந்தது. எல்இடி பார் வேண்டவே வேண்டாம், அது புழுதியைத்தான் அழகாகக் காட்டும்.

சரி, கூரை லைட்டின் பெரிய வரம் பேட்டரி தீராது என்பது. பெரிய சாபம் வயரிங். இங்கே நான் கொஞ்சம் நீட்டுவேன், என் தொழில் இது. 100 வாட் ஹாலஜன் 12 வோல்ட்டில் 8.3 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து கூரைக்கு 5 மீட்டர், போக வர 10 மீட்டர், 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் வழியிலேயே ஏறக்குறைய ஒரு வோல்ட் காணாமல் போகும். ஒரு வோல்ட்தானே என்று நினைப்போம். ஹாலஜனின் வெளிச்சம் வோல்ட்டேஜின் மூன்றரை அடுக்கு (power) அளவுக்கு ஏறி இறங்கும், எனவே அந்த ஒரு வோல்ட்டில் கால்வாசி வெளிச்சம் போய்விடும். 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் நிற்கும், வெளிச்சத்தில் பத்தில் ஒன்றுதான் குறையும். விலை அதிகமான விளக்கை வாங்கி மெல்லிய வயரில் மாட்டுவதைவிட, சுமாரான விளக்கைத் தடிமனான வயரில் மாட்டுவது மேல். எல்இடி விளக்கில் மின்சாரத்தைச் சீராக்கும் டிரைவர் சர்க்யூட் இருப்பதால் வெளிச்சம் குறையாது, ஆனால் வோல்ட்டேஜ் குறையக் குறைய அது ஆம்பியரைக் கூட்டி இழுக்கும், சூடு வயரில் ஏறும். ஃபியூஸ் விளக்குப் பக்கத்தில் இல்லை, பேட்டரிப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் நடுவில் வயர் உரசிப் பிய்ந்தால் காப்பாற்ற வேண்டியது வயரைத்தான். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் வகை ஒரு மணி நேரத்துக்குச் சரி, இரவு முழுக்க என்றால் அந்தத் தொடர்பு இளகிச் சூடாகும். அங்கே எல்லோரும் அதிக ஆம்பியரைத் தாங்கும் ஆண்டர்சன் பிளக் போடுகிறார்கள், அதையே கேளுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது இன்னொரு கணக்கு: 3 மணி நேரத்தில் 25 ஆம்பியர்-மணி போயிருக்கும், வண்டி பேட்டரியே 60, 70தான். வீட்டிலிருந்து 8 கிலோமீட்டர் தள்ளி, 2 டிகிரி குளிரில், ஸ்டார்ட் ஆகாத யூட் வண்டியில் (பின்னால் திறந்த சரக்குத் தட்டுள்ள பண்ணை வண்டி) ஒருமுறை விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். தெர்மாஸில் டீ இருந்தது, அதனால் நண்பர்களாகவே திரும்பி வந்தோம்.

இதிலிருந்தே உங்கள் முதல் கேள்விக்கு விடை வந்துவிடுகிறது. கூரை லைட்டை இங்கிருந்து சுமந்துபோகாதீர்கள். அது அந்த வண்டிக்கு ஏற்ற பிராக்கெட், வயர், அந்தக் கூரை எல்லாம் சேர்ந்த ஒரு ஏற்பாடு, அங்கே ஏற்கெனவே ஒன்று இருக்கத்தான் செய்யும். நீங்கள் கை லைட் கொண்டு போங்கள். 200,000-லிருந்து 400,000 கேண்டெலா, தலைப்பகுதி குறைந்தது 7, 8 சென்டிமீட்டர் அகலம், நடு வட்டத்தைச் சுற்றி மெலிதாகப் பரவும் வெளிச்சம், கழற்றி மாற்றக்கூடிய 21700 அல்லது 18650 அளவு லித்தியம் செல், கையுறையோடு அழுத்தக்கூடிய பெரிய சுவிட்ச். ஒரே அழுத்தில் எரிய வேண்டும். மூன்று முறை தட்டினால் கண்சிமிட்டும் லைட் எல்லாம் அங்கே தலைவலி. ஒன்றரை மில்லியன் கேண்டெலா லைட்டும் கிடைக்கிறது, ஒருமுறை பிடித்திருக்கிறேன், பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலித்ததுதான் மிச்சம். செல் வாங்கும்போது "9900" என்று அச்சடித்த 18650-ஐப் பார்த்தால் அப்படியே நகர்ந்துவிடுங்கள், அந்த அளவில் 3,500 மில்லியாம்பியர்-மணிக்கு மேல் போவதே அபூர்வம். குளிரில் செல் இன்னும் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுக்கும், உபரி செல்லை உள்சட்டைப் பையில் வைத்திருங்கள்.

நிறம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உறுதி குறைந்த பகுதி இது. நரி, பூனை, நாய் போன்றவற்றின் கண்ணில் சிவப்பை உணரும் சக்தி நம்மைவிடக் குறைவு என்பது அறிவியல். அதனால் சிவப்பு ஃபில்டர் போட்டால் நரி மிரளாது என்பது வேட்டைக்காரர்கள் சொல்வது. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான், ஏனென்றால் சிவப்பு ஃபில்டர் பெரும்பகுதி வெளிச்சத்தைத் தின்றுவிடுகிறது, வெள்ளை லைட்டையும் அதே அளவுக்கு மங்கலாக்கினால் நரி அப்படியேதான் நிற்குமோ என்னவோ. ஏற்கெனவே லைட் அடித்துச் சுட்டுத் தப்பிய நரி எந்த நிறத்துக்கும் நிற்காது, இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் நண்பர் ஆம்பர் ஃபில்டர் போடுகிறார், அது எனக்கும் பிடித்தது, புழுதியில் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. லைட் வாங்கும்போது பால் வெள்ளையை விட்டுக் கொஞ்சம் மஞ்சள் சாய்ந்த 4,000, 5,000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் எண்) எடுத்தால் காய்ந்த புல்லிலிருந்து பழுப்பு உடம்பைப் பிரித்தறிவது சுலபம்.

நிறத்தைவிடப் பிடிக்கிற விதம் பெரிது. கற்றையின் நடுவை மிருகத்தின் மேல் போடாதீர்கள். கீழ் விளிம்பு மட்டும் அதன் முதுகை உரசுகிற மாதிரி, நடு வட்டம் தலைக்கு மேலே போகிற மாதிரி வைத்துச் சுற்றுங்கள். கண் மினுங்கியதும் அங்கேயே நிறுத்தி, விளிம்பிலேயே வைத்திருந்து, சுடுகிறவர் கேட்கும்போது மட்டும் இறக்குங்கள். அந்த மினுக்கம் விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ஒரு பிரதிபலிப்புப் படலத்தால் வருவது, நரி, பூனை, நாய், ஆடு, மாடு எல்லாவற்றுக்கும் உண்டு. பன்றிக்கும் முயலுக்கும் அந்தப் படலம் கிடையாது. காட்டுப்பன்றி தேடும்போது கண்ணை நம்பினால் ஏமாந்துபோவீர்கள், உடம்பின் உருவத்தைத்தான் பார்க்க வேண்டும். கண்ணின் நிறத்தை வைத்தே இது நரி, இது பூனை என்று சாதிப்பவர்கள் அங்கே உண்டு, பச்சை என்பார் ஒருவர், ஆரஞ்சு என்பார் இன்னொருவர், கோணம் மாறினால் நிறமும் மாறுகிறது என்பதுதான் நான் பார்த்தது. சிலந்திக் கண்ணும் மினுங்கும், பனித்துளியும் மினுங்கும், வேலியில் கட்டிய ரிஃப்ளெக்டரும் மினுங்கும். முழு உடம்பும் தெரியாமல் "நரி" என்று நீங்கள் வாய்திறக்கவே கூடாது. லைட் பிடிப்பவரின் ஒரு சொல்லை நம்பித்தான் பக்கத்தில் இருப்பவர் விரலை அசைக்கிறார். பின்னால் வீடோ, வண்டியோ, மேய்கிற மாடோ இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பும் பாதி உங்களுடையது. இப்போது பலர் வெப்பத்தைக் காட்டும் தெர்மல் கருவியில் தேடிவிட்டுக் கடைசியில்தான் லைட் போடுகிறார்கள், அது நல்ல முறைதான், ஆனால் கார் கண்ணாடி வழியாக அது பார்க்காது, தெரிகிற வெள்ளைப் பொட்டு எந்த மிருகம் என்பதையும் உறுதியாகச் சொல்லாது.

சட்டம் சுருக்கமாக. இதைப் படித்துவிட்டு லிம் சூ காங் பக்கம் காட்டுப்பன்றி பார்க்கலாமே என்று யாருக்காவது தோன்றினால், வேண்டாம். சிங்கப்பூரில் அனுமதியில்லாமல் காட்டு விலங்கைக் கொல்வதும் பிடிப்பதும் குற்றம், 2020-இல் வனவிலங்குச் சட்டம் இன்னும் இறுகிவிட்டது, துப்பாக்கி பற்றிச் சொல்லவே தேவையில்லை. ஆஸ்திரேலியாவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: நியூ சவுத் வேல்ஸில் சொந்தக்காரர் அனுமதியோடு தனியார் நிலத்தில் நரிக்கு லைட் அடிக்கலாம், விக்டோரியாவில் மான் வேட்டைக்காரர் இரவில் லைட் அடித்து மான் தேடினால் மாட்டிக்கொள்வார். நியூசிலாந்தில் அரசின் இயற்கைப் பாதுகாப்பு நிலங்களில் இரவு வேட்டையே கிடையாது. பண்ணையிலிருந்து பொதுச்சாலைக்கு வண்டி ஏறியதும் கூரை லைட்டை அணைத்துவிடுங்கள்.

வாங்கிய லைட்டை இங்கே சோதித்துப் பார்ப்பதில் ஒரு சிக்கல். 2016-இல் வந்த உலக ஒளி மாசு வரைபடத்தில் முதலிடமே நமக்குத்தான், உண்மையான இருட்டு இங்கே கிடைக்காது. போதாததற்கு ஈரக் காற்றில் கற்றை வெள்ளைக் கம்பி மாதிரி தெரிவதால் எந்த மட்டமான லைட்டும் பிரமாதமாகத் தோன்றும். அதனால் கண்ணை நம்பாமல் அளந்துவிடுங்கள். விலை குறைந்த லக்ஸ் மீட்டர் ஒன்று போதும், போன் செயலி வேண்டாம். புளோக்கின் நீளமான காரிடாரில் 10 மீட்டர் அளந்து, லைட்டை 30 வினாடி எரியவிட்டு, நடு வட்டத்தில் வரும் லக்ஸை 100-ஆல் பெருக்கினால் கேண்டெலா வந்துவிடும். நான் இரவு 11 மணிக்குச் செய்தேன், மூன்றாவது வீட்டு ஆன்ட்டி கதவைத் திறந்து பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. வானத்தை நோக்கி அடிக்காதீர்கள், விமானத்தின் மேல் ஒளி அடிப்பது விளையாட்டில்லை, வழக்காகிவிடும்.

விமானம் பற்றிய கடைசிக் கேள்வி. லித்தியம் செல்லுக்குப் பொதுவான வரம்பு ஒன்றுக்கு 100 வாட்-மணி, அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். ஒரு 21700 செல் 5,000 மில்லியாம்பியர்-மணி, 3.6 வோல்ட், ஆக 18 வாட்-மணிதான், கவலையே இல்லை. செல்களைக் கழற்றி, இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனி உறையில் போட்டுக் கைப்பையில் கொண்டுபோங்கள், உபரி செல் எதுவும் செக்-இன் பெட்டியில் போகக் கூடாது. செல் இல்லாத லைட் பெட்டியில் போகலாம். ஆனால் கழற்ற முடியாத பெரிய பேட்டரியோடு வரும் மலிவு லைட்டுகளில் எத்தனை வாட்-மணி என்று அச்சடித்தே இருக்காது, அச்சில்லாததைச் சோதனை மேசையில் வாதாடி ஜெயிக்க முடியாது. வாங்கும் முன் அந்த எண் எங்கே இருக்கிறது என்று திருப்பிப் பாருங்கள்.